கைபடாத எடைக்கற்களும் இரண்டாம் வரிசையும்

ஆண்டுக்கு நூறு முறைக்கு மேல் விமானம் ஏறி இறங்கும் ஒருவருக்குச் சன்னலோர இருக்கையில் நாட்டம் இராது. மேகக் கூட்டத்தில் வியப்பும் இராது. தராசக்காவின் வேண்டுதலெல்லாம் ஒன்றே. கையிலிருக்கும் மரப்பெட்டிக்குள் இன்றைக்கு எவரும் விரல் நுழைக்காதிருக்க வேண்டும்.

தராசக்கா என்பது அலுவலகத்தார் இட்ட பெயர். அளவைச் சோதனைக் கூடத்தில் அவருக்குப் பதவிப் பெயர் ஒன்று உண்டு. அது நீளமானது, வாயில் நுழையாதது. மருத்துவமனைகளிலும் மருந்துக் கூடங்களிலும் இருக்கிற நுண்தராசுகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று ஊர் ஊராகச் சென்று பார்த்துச் சான்றிதழ் தருவது அவர் வேலை. அவர் கையொப்பம் இல்லாத தராசில் ஒரு சிட்டிகை மருந்தும் நிறுக்கக் கூடாது.

பெட்டிக்குள் இருபத்து மூன்று எடைக்கற்கள். கல் என்பது பழக்கத்தால் வந்த சொல்லே தவிர, அனைத்தும் முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றிய எஃகு. பெரியது இருநூறு கிராம். சிறியது ஒரு மில்லிகிராம். எள்ளின் தோலை உரித்து வைத்தாற்போன்ற உலோகத் தகடு, தும்மினால் பறந்துவிடும். இவற்றுள் எதையும் வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசைக்கும் எடை உண்டு. அந்தப் பசை ஒட்டிய கல்லை மறுபடி கூடத்துக்குக் கொண்டுபோய்க் கழுவி, ஆறவைத்து, மூலக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிக்க ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை அந்தக் கல் வாயில்லாச் சாட்சி.

இந்த உண்மையைத் தராசக்கா ஏட்டில் படித்து அறியவில்லை. முதல் ஆறு ஆண்டுகள் அவர் அக்கூடத்தில் சான்றிதழ் தட்டச்சு செய்பவராக இருந்தார். எண்களைப் பார்த்துத் தட்டுவதோடு நில்லாமல் பார்த்துப் பார்த்து நெஞ்சில் போட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. ஒரு நாள் மேலாளரின் மேசை முன் போய் நின்றார். "சார், இந்த அம்பது கிராம் கல்லு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கொழுத்துக்கிட்டே போகுதே, அதுக்கு யாரு சோறு போடுறாங்க?" என்றார். விசாரித்ததில், நிறுவைக்காரர் ஒருவர் அக்கல்லைத் தம் கைக்குட்டையால் அன்போடு துடைத்து வைத்து வந்தது வெளியாயிற்று. மறு மாதமே தட்டச்சு மேசையிலிருந்து தராசு மேசைக்கு மாறினார். அதற்கு இது பத்தொன்பதாம் ஆண்டு.

தராசின் முன் அவருக்கு இணையில்லை. அவரை அலைக்கழித்தது விமான நிலையம்.

எஃகுக் கட்டிகள் ஊடுகதிர்த் திரையில் கரிய உருண்டைகளாகத் தெரியும். கரியதாய்த் தெரிவதைத் திறந்து பார்ப்பது காவலரின் கடமை. அதை அவர் ஒருநாளும் குறைகூறியதில்லை. அவர் நொந்துகொண்டது வேறொன்றை. ஓர் ஊரில் பெட்டியைத் தனித் தட்டில் வை என்றார்கள். அடுத்த ஊரில் தனித் தட்டில் வைத்ததற்கே, "யாருங்க உங்கள வெளிய எடுக்கச் சொன்னது?" என்று முகம் சுளித்தார்கள். காலணியைக் கழற்றினால் போட்டுக்கொள் என்பார். போட்டுக்கொண்டு போனால் கழற்று என்பார். அலுவலகக் கடிதத்தை ஒருவர் எழுந்து நின்று படித்தார். இன்னொருவர், "லெட்டர் யாரு வேணா அடிக்கலாம்" என்று நான்காக மடித்துக் கொடுத்தார். ஒரே நிலையத்தில் காலையில் விட்ட பிளாஸ்டிக் இடுக்கியை மாலையில் பிடுங்கிக்கொண்டார்கள்; அதே வேளையில் பக்கத்து வரிசையில் ஒருவருடைய கத்திரிக்கோல் கம்பீரமாகப் பயணம் போயிற்று.

"ஒரு கிராம் எல்லா ஊர்லயும் ஒரு கிராமாத்தானே இருக்கு. ஒரு கத்திரிக்கோல் மட்டும் ஏன் ஊருக்கு ஊர் வேறயா இருக்கு?" என்று வீட்டில் வந்து கேட்பார்.

கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். "எங்க பஸ்ஸு அஞ்சு நிமிஷம் லேட்டானா ஊரே என்னைத் திட்டுது. உங்க ஏர்போர்ட்ட யாரும் ஒண்ணும் கேக்கிறதில்ல. பெட்டிய பேசாம லக்கேஜ்ல போட்டு அனுப்பேன்."

"போட்டேனே ஒரு தடவை. கீழ போட்டு, மூணு கல்லுக்கு மூக்கு நசுங்கி வந்துச்சு. மறந்துட்டீங்களா?"



முறையிட்டுச் சலித்த தராசக்கா, தம் தொழிலுக்கே உரிய வழியில் இறங்கினார். ஒரு தராசு நம்பத் தகுந்ததா என்று அறிய ஒரே கல்லைப் பத்து முறை வைத்துப் பத்து முறையும் குறிப்பது வழக்கம். சோதனை வாயிலையும் அவ்வாறே அளந்துவிடுவது என்று துணிந்து, ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டார். நிலையம், வரிசை எண், நேரம், காலணி, மடிக்கணினி, பெட்டி, முடிவு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. மூன்று ஆண்டுகளில் நானூறு வரிகள் சேர்ந்தன. வாரந்தோறும் அவரோடு பறக்கும் பயணிகளிடையே அந்த நோட்டுக்குப் பெருமதிப்பு. இரண்டு முழங்காலிலும் உலோக மூட்டு வைத்திருக்கும் தண்ணீர்ப் பம்பு விற்பனையாளர் ஒருவர், "தங்கச்சி, இன்னைக்கு எந்த வரிசை?" என்று கேளாமல் காலெடுத்து வைக்கமாட்டார். முழங்காலார் என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

நோட்டின் மிகத் தெளிவான முடிவு இது: வழியில் விமானம் மாறும் நடு நிலையத்தில் இரண்டாம் வரிசை பொன்னான வரிசை. பதினான்கு முறை சென்றதில் பதினான்கு முறையும், மூடியைத் திறந்து, கண்ணால் பார்த்து, கை படாமல் மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று காலை ஆறரை மணிக்கு ஒரு மருத்துவமனையின் மருந்தாளர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம் இருந்தது.

"மேடம், நேத்து சுவருக்கு பெயிண்ட் அடிக்கிறோம்னு தராசு மேசைய நகர்த்திட்டாங்க. அதுலேர்ந்து காலையில ஒண்ணு காட்டுது, மத்தியானம் ஒண்ணு காட்டுது. சீல் வெச்சுட்டோம். குழந்தைங்க வார்டுல பதினோரு பேருக்கு நாளைக் காலையில மருந்து குடுக்கணும். ஒவ்வொரு குழந்தையோட எடைக்கும் தனித்தனியா இங்கதான் நிறுத்துப் போடணும். வெளிய வாங்குற மருந்து இல்ல மேடம் இது."

"இன்னைக்கே வரேன். சாயங்காலத்துக்குள்ள நீங்க நிறுக்கலாம்."

"நிச்சயமா?"

"என் கல்லு அங்க வந்து சேர்ந்தா, நிச்சயம்."

முதல் விமானம் பிழையின்றிப் பறந்தது. நடு நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு ஐம்பத்தைந்து நிமிடங்கள் இருந்தன. முழங்காலார் தூணோரம் காத்திருந்து உடன் வந்தார்.

"போன வாரம் ஒரு ஊர்ல ரெண்டு முட்டியையும் தட்டித் தட்டிப் பாத்தான் தங்கச்சி, தேங்காய் வாங்குற மாதிரி. நேத்து ஒரு ஊர்ல, போங்க பெரியவரேன்னு கும்பிட்டு அனுப்பிட்டான். அதே முட்டிதான். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, முட்டி மாறிப்போச்சோன்னு."

"இரண்டாம் வரிசைக்கு வாங்கண்ணே. பதினாலுக்குப் பதினாலு."

பட்டை ஓடியது. பெட்டி உள்ளே போயிற்று. வெளியே வராமல் நின்றது. பிறகு பட்டை பின்னோக்கி ஓடிற்று, மறுபடி முன்னோக்கி வந்தது. அடர்ந்த மீசை வைத்த காவலர் ஒருவர் பெட்டியைத் தூக்கி எஃகு மேசைமேல் வைத்தார்.

"யாரோடது இது?"

"என்னோடதுங்க. அதுல வந்து..."

சொல்லி முடிக்குமுன் மூடி திறந்தது. அன்று காலையிலிருந்து எத்தனையோ பைகளைத் துழாவிய நீலக் கையுறையோடு மீசைக்காரர் முதற்கல்லை, அதிலும் இருநூறு கிராம் கல்லை, எலுமிச்சம்பழத்தை எடுப்பதுபோல் எடுத்துவிட்டார்.

தராசக்கா மேசையோரம் நெருங்கினார். 

"சார், அத அப்படியே அதோட குழியிலயே வெச்சிடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

ஆணையுமல்லாத, கெஞ்சலுமல்லாத அந்தத் தொனியில் ஏதோ ஒன்று இருந்தது. மீசைக்காரர் வைத்துவிட்டார்.

"ஏம்மா, தங்கமா இது?"

"தங்கமா இருந்தா நீங்க தொட்டா ஒண்ணும் ஆகாதுங்க."

தராசக்காவின் மனம் அதற்குள் கணக்கிட்டு முடித்திருந்தது. இருநூறு கிராமில் இரண்டு கற்கள். ஒன்றின் தலையில் அடையாளப் புள்ளி இருக்கும். மீசைக்காரர் எடுத்தது புள்ளியில்லாதது; அது இனி உதவாது, புள்ளிக்கல் காப்பாற்றும். ஆனால் நூறுக்கும் ஐம்பதுக்கும் இரட்டை இல்லை. அவற்றில் ஒன்றின் மேல் இந்தக் கை பட்டாலும், பதினோரு குழந்தைகளின் மருந்து நாளை இல்லை.

"ஒவ்வொண்ணா எடுத்து, துணியால தொடச்சு, மெஷின்ல போட்டுப் பாக்கணும்," என்றார் மீசைக்காரர். "நீங்க ரெண்டடி தள்ளி நில்லுங்க. செக்கிங் முடியறவரை பயணி பொருளைத் தொடக்கூடாது."

"இருபத்து மூணையும் பாருங்க. பாக்க வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. எப்படி எடுக்கிறதுங்கிறத மட்டும் சொல்றேன்."

"எனக்குச் செக்கிங் சொல்லித் தரீங்களா?"

"உங்க வேலைய இல்லைங்க. என் கல்ல. இங்க, இதே வரிசைல, பதினாலு தடவை கை படாமப் பாத்து அனுப்பியிருக்காங்க."

"அது எனக்கு முன்னாடி இருந்தவரு. காலை ஷிப்ட் முழுக்க அவருதான் இந்த வரிசை. மாத்தலாகிப் போயிட்டாரு. நான் வந்து மூணு நாளாகுது. எங்க பழைய எடத்துல தொட்டுத்தான் பாப்போம்."

  தராசக்கா தம்மையே நொந்துகொண்டார். கூடத்தில் அவர் எழுதும் ஒவ்வொரு தாளிலும் 'நிறுத்தவர் யார்' என்றொரு கட்டம் உண்டு. கல் ஒன்றே, தராசு ஒன்றே ஆனாலும், ஆள் மாறினால் அளவு மாறும் என்பது அத்தொழிலின் அரிச்சுவடி. கைக்குட்டைக்காரரைப் பிடித்ததும் அந்தக் கட்டத்தை வைத்துத்தான். அப்படிப்பட்டவர் நானூறு வரி எழுதி, வரிசைக்குக் கட்டம் போட்டார், காலணிக்குக் கட்டம் போட்டார், மனிதருக்குப் போடவில்லை. பதினான்கு முறையும் அவர் அளந்தது இரண்டாம் வரிசையை அன்று. பெயர் தெரியாத ஒரு நல்லவரை.

"தங்கச்சி!" என்று பின்னாலிருந்து முழங்காலாரின் குரல் எழுந்தது. "உங்க நோட்டை நம்பித்தானே நானும் இங்க நிக்கிறேன்!"

"நோட்டு தப்புண்ணே. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்," என்று தலையைத் திருப்பாமலே ஒப்புக்கொண்டார் தராசக்கா. ஒப்புக்கொண்டதும் நெஞ்சு இலேசாயிற்று. வரிசையை நம்பி வந்தது பொய்த்துப்போயிற்று. இனி எதிரே நிற்கும் ஆளோடுதான் பேச வேண்டும். பேசத் தெரியாதவர் அல்லர் அவர்.

"சார், உங்க மேலதிகாரிய ஒரு நிமிஷம் கூப்பிடுங்க. உங்க மேல புகார் சொல்ல இல்ல. உங்க ரூலும் நிக்கணும், என் கல்லும் நிக்கணும். ரெண்டுக்கும் வழியிருக்கு."

வந்த மேற்பார்வையாளர் ஒரு பெண். நெட்டை, கறார் முகம், சிறிய கைகள். கைகளைத்தான் தராசக்கா முதலில் பார்த்தார்.

"என்ன பிரச்சனை?"

"மேடம், ஆஸ்பத்திரித் தராசைச் சரிபாக்கிற கல்லு இது. கைபட்டா செல்லாது. இன்னைக்கு இது செல்லலைன்னா, நாளைக்குப் பதினோரு குழந்தைங்களுக்கு மருந்து இல்ல. நான் தொடக்கூடாதுங்கிறது உங்க ரூல், சரி, தொடமாட்டேன். என் பைல பிரிக்காத கையுறை இருக்கு. அத நீங்க போட்டுக்கிட்டு எடுங்க. ஒவ்வொண்ணையும் நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டுச் சொல்றேன்."

மேற்பார்வையாளர் கடிதத்தைப் படித்தார், பெட்டியைப் பார்த்தார், மீசைக்காரரைப் பார்த்தார்.

"நீங்க போட்டுக்கலாமே?"

மீசைக்காரர் முயன்றார். கையுறை அவர் கட்டைவிரலைத் தாண்டவே மறுத்துப் பிளந்துகொண்டது. வரிசையில் எவரோ களுக்கென்று சிரித்தார்.

"இன்னொண்ணு இருக்கு. உங்க கைக்குச் சரியா வரும் மேடம்," என்றார் தராசக்கா.

அடுத்த பத்து நிமிடமும் அந்த வரிசை அதுவரை கண்டிராத காட்சி. பயணி கைகட்டி நின்று சொல்ல, அதிகாரி எடுத்தார். "குமிழைப் பிடிங்க, இடுப்பைப் பிடிக்காதீங்க. நேரா மேல. இப்ப அந்தத் துணி மேல வைங்க. அருமை." கல்லை எடுத்தபின் அது இருந்த குழியைச் சோதனைத் துணியால் துடைப்பது என்று இருவரும் உடன்பட்டார்கள். கல்லில் இருப்பது எதுவோ அது குழியிலும் இருக்கும் என்பதை அதிகாரி மறுக்கவில்லை. மில்லிகிராம் தகடுகளுக்கு வந்தபோது, கண்ணாடி மூடியைத் திறக்காமல் குனிந்து பார்த்தாலே போதும் என்று அவரே சொன்னார்.

"திறந்தா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க விடுற மூச்சுல மூணு கல்லு காணாமப்போயிடும்."

முழங்காலார் வரிசையைப் பார்த்துத் திரும்பி, "யாரும் மூச்சு விடாதீங்கப்பா!" என்றார். நேரமாகிறதென்று முணுமுணுத்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

"ஏற்கெனவே தொட்ட கல்லு ஒண்ணு இருக்குல்ல சார்?" என்று மீசைக்காரரிடம் சொன்னார் தராசக்கா. "அத மட்டும் நீங்க ஆசை தீர எவ்வளவு வேணா தொடைங்க." அவரும் தொழில்முறைச் சிரத்தையோடு அழுத்தித் துடைத்து, துணியை வெடிமருந்துச் சுவடறியும் எந்திரத்தில் செருகினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

சிரிப்பு நின்றது. மீசைக்காரர் நிமிர்ந்தார். மேற்பார்வையாளரின் முகம் மறுபடி கறாராயிற்று. விமானத்துக்கு இருபத்திரண்டு நிமிடங்களே இருந்தன. இந்த விளக்குக்குப் பின் என்ன நடக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்: தனியறை, விசாரணை, பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் கைகள்.

தராசக்கா அந்த விளக்கை ஒரு தராசின் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இன்னைக்கு இந்த மெஷினுக்கு ஸீரோ பாத்தீங்களா?"

"என்னது?"

"ஒண்ணும் வைக்காதப்ப தராசு ஸீரோ காட்டணும். காட்டலைன்னா, வெச்சப்ப காட்டுறதை நான் நம்பமாட்டேன். ஒண்ணுமே தொடைக்காத புதுத் துணி ஒண்ண உள்ள விட்டுப் பாருங்க. பச்சை வந்தா, நான் உங்க கூட வரேன், எங்க வேணா."

மேற்பார்வையாளர் தாமே உறையைப் பிரித்துப் புதுத் துணியை எடுத்தார். எதையும் தொடாமல் நேரே செருகினார்.

சிவப்பு.

"அந்தத் துணியப் பிடிங்க சார், விடாதீங்க!" என்றார் முழங்காலார்.

எந்திரம் தன்னைச் சூடேற்றித் தூய்மைப்படுத்திக்கொள்ள நான்கு நிமிடம் கேட்டது. காலையிலிருந்து எவருடைய பையிலிருந்தோ ஒட்டிய அழுக்கை அது சுமந்துகொண்டிருந்தது போலும். பின்னர் வெறுந்துணி பச்சை காட்டிற்று. தொட்ட கல்லின் துணி பச்சை. குழிகளின் துணி பச்சை. மேற்பார்வையாளர் ஒவ்வொரு கல்லையும் அதனதன் குழியில் இறக்கி வைத்து மூடியைச் சாத்தினார். கையுறையைக் கழற்றும்போது அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"காலையில ஷிப்ட் ஆரம்பிக்கும்போது வெறுந்துணி விடணும்னு எழுதித்தான் வெச்சிருக்கோம்," என்றார் தணிந்த குரலில். "யாரு விட்டாங்களோ, விடலையோ."

மீசைக்காரர் பெட்டியை இரு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார். "அடுத்த வாரமும் வருவீங்களா?"

"வருவேன் சார். உங்க சைஸ் கையுறையும் கொண்டு வரேன்."

கதவை மூட ஐந்து நிமிடம் இருக்கையில் தராசக்கா விமானத்துக்குள் நுழைந்தார். முழங்காலார் அவருக்குப் பின்னால், முட்டி இரண்டும் முறையிட, மூச்சு வாங்க ஓடிவந்தார்.

மருத்துவமனையில் மருந்தாளர் வாயிலிலேயே நின்றிருந்தார். தராசக்கா முதலில் மேசையின் கால்களைத்தான் பார்த்தார். ஒரு கால் தரையில் முழுதாய்ப் படியாமல் ஆடிற்று. யார் நடந்தாலும் தராசு திடுக்கிட்டது. மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளி, மட்டம் பார்த்து, ஒரு மணி நேரம் தராசை அமைதியாக இருக்கவிட்டார். பிறகு கையுறை, இடுக்கி, கல். ஒரு மில்லிகிராமிலிருந்து நூறு கிராம் வரை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி எழுதினார். இருநூறுக்குப் புள்ளிக்கல்லை எடுத்தார்.

சான்றிதழில் குறிப்பு என்ற இடத்தில் அவர் எழுதுவதை மருந்தாளர் எட்டிப் பார்த்தார். புள்ளியில்லாத இருநூறு கிராம் கல் வழியில் கைபட்டது, இச்சோதனையில் பயன்படுத்தப்படவில்லை.

"இதெல்லாம் எதுக்கு மேடம்? அதையே வெச்சிருந்தாலும் பெருசா வித்தியாசம் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காதுதான். ஆனா 'தெரிஞ்சிருக்காது'ன்னு சர்டிபிகேட்ல எழுத முடியாதே."

கையொப்பமிட்டு நீட்டினார். மருந்தாளர் தராசின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த, பயன்படுத்தக் கூடாதென்ற முத்திரைத் தாளைக் கத்தியால் கீறி எடுத்தார். முதல் குழந்தையின் சீட்டை உதவியாளர் உரக்கப் படித்தார். மருந்தாளர் வெண்தூளைக் கரண்டி நுனியால் தட்டித் தட்டித் தாளில் இறக்கினார். எண்கள் ஓடி, தயங்கி, நின்றன. இருவரும் அந்த எண்ணை ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள். பொட்டலம் மடிந்தது, அடுத்த சீட்டு வந்தது.

தராசக்கா சுவரோரம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, பதினொன்றாவது பொட்டலம் மடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மணி ஐந்தேகால். சன்னலில் இன்னும் வெயில் இருந்தது.